பங்காரு பாவா அனுப்பிய இலைகள்

பங்காரு பாவா மட்டும் பிறக்காமல் போயிருந்தால் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் ஒரு நோயாளிகூட இந்நேரம் எழுந்து உட்கார்ந்திருக்க மாட்டார். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் சாத்துக்குடி இல்லாமல் வெறுங்கையை வீசிக்கொண்டு போயிருப்பார்கள். கட்டிலில் படுத்திருப்பவர்கள் அந்த அவமானத்திலேயே கண்ணை மூடியிருப்பார்கள். ஜூஸ் கடைகள் எல்லாம் பஞ்சர் கடைகளாக மாறியிருக்கும். அரக்கோணத்தில் ரயில்கள் நின்றிருக்கவே நின்றிருக்காது. நின்று என்ன பயன், உரித்துத் தின்ன ஒன்றும் கிடைக்காதே! சூரியனைக் கிழக்கே உதிக்க வைப்பது ஒன்றுதான் பாவாவின் கையில் இல்லாத வேலை. அதையும் அவர் விடிவதற்கு முன்பே எழுந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

பாவா என்றால் என் அக்கா அம்சாவின் வீட்டுக்காரர், நான் அவருக்குக் கொழுந்தியாள். திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற வழியில், குத்தகை நிலத்தில் சாத்துக்குடிக் கன்று கட்டி விற்கிறார். எலுமிச்சைச் செடியின் தண்டை லேசாகக் கீறி, தாய் மரத்திலிருந்து எடுத்த சாத்துக்குடி மொட்டை அந்தக் கீறலுக்குள் செருகிக் கட்ட வேண்டும். மொட்டு ஒட்டிக்கொண்டு துளிர்த்ததும் மேலே இருக்கிற எலுமிச்சையை வெட்டிவிட வேண்டும். அப்புறம் வேர் ஒருத்தியுடையது, பழம் இன்னொருத்தியுடையது. நான் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு அவள் குழம்பையே குறை சொல்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாவா பிறந்தது அம்மையார்குப்பத்தில், விசைத்தறிக்குப் பக்கத்துத் தூளியில். தறி ஓடினால் தூங்கி, கரண்ட் போனால் விழித்துக்கொண்டு அழுத பிள்ளை என்று அவருடைய நைனா சொல்வார். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, பாவாவுக்குத் தொண்டையே அப்படி அமைந்துவிட்டது. அவர் காதோடு காதாக ஒரு ரகசியம் சொன்னால் கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் அதற்குப் பதில் சொல்வார்கள். இருபது வயதில் நகரி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், யாரோ ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து மொட்டு கட்டுவதைப் பார்த்தாராம். "அண்ணே, முடிச்சு தப்பா போடுறீங்க" என்று வாங்கி, அறுந்த நூலை முடிகிற மாதிரி ஒரு முடிச்சு போட்டுக் காட்டினாராம். அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடும் போயிற்று, தறி வேலையும் போயிற்று.

பண்ணையின் பின்பக்கம், கிணற்றை ஒட்டி மூன்று தாய் மரங்கள் நிற்கின்றன. பெரியவள், நடுவிலவள், சின்னவள். பண்ணையில் இருக்கிற எல்லாக் கன்றுகளும் இவர்களுடைய பிள்ளைகள்தான். எந்தக் கன்றுக்கு எந்தத் தாய் என்று தெரிய பாவா நூல் கட்டி வைப்பார். பெரியவளுக்குச் சிவப்பு, நடுவிலவளுக்குப் பச்சை, சின்னவளுக்கு வெள்ளை. பண்ணையில் பாதிக்கு மேல் சிவப்புதான். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது மற்றவர்களைப்போலப் பூ, ஸ்வீட் என்று எதுவும் கொண்டுவரவில்லை. பெரியவளின் பழம் ஒரு மூட்டை தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா ஒன்றை உரித்துத் தின்றுவிட்டு, மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டாள். முகத்தைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பாள்.

போன ஆடிக் கிருத்திகைக்குக் கொஞ்சம் முன்னால், பெரியவளின் அடிக்கிளையில் ஒரு இலையைப் பறித்து பாவா நடு நரம்போடு மடித்துப் பார்த்தார். விரித்தார். மறுபடி மடித்தார். அன்றைக்கு மத்தியானம் சோற்றில் கை வைக்கவில்லை.

மரத்துக்குச் சத்து குறைந்தாலும் இலை மஞ்சளாகும். ஆனால் அந்த மஞ்சள் நரம்புக்கு இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்றாக இருக்கும். இந்த இலையில் ஒரு பக்கம் திட்டு இருந்த இடத்தில் மறுபக்கம் பச்சை. மடித்தால் இரண்டும் பொருந்தவில்லை. கிரீனிங் என்று ஒரு நோய் இருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. வந்த மரத்தில் பழம் சின்னதாக, கோணலாக, பழுக்காமல் பச்சையாகவே நின்றுவிடும். வெட்டி எரிப்பது ஒன்றுதான் வழி. அதைவிட மோசம், மொட்டோடு சேர்ந்து அது கன்றுக்கும் போய்விடும். தாய்க்கு இருந்தால் அவளிடம் மொட்டு எடுத்த பிள்ளைகளையும் நம்ப முடியாது.

பாவாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் படம் எடுத்து அனுப்ப முடியாது. அதனால் தோட்டக்கலை ஆபீசில் இருக்கும் அசோக்குமார் சாருக்கு என் போனில் இலையின் படத்தை அனுப்பிவிட்டு, அதிலேயே பேசினார். ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தேன். பாவா பக்கத்துக்கு அது தேவையே இல்லை.

"கண்ணால பாத்துலாம் சொல்ல முடியாது பங்காரு. எலையத்தான் டெஸ்ட் பண்ணணும். லேபுக்கு அனுப்பு" என்றார் சார்.

"எப்ப சார் அனுப்புறது?"

"இந்த வாரம் வந்தாதான் இந்த பேட்ச்ல எடுப்பாங்க. வுட்டா மழைக்கு அப்பாலதான்."

"மழைக்கு முன்னாடி துரைக்கண்ணு கன்னு எடுக்க வரேன்னு சொல்லிகிறாரு சார். குழி வெட்டி எரு போட்டுட்டாரு."

"அதுக்குத்தான் சொல்றேன். பதில் வர்ற வரைக்கும் ஒரு கன்னு கூட வெளிய போவக் கூடாது."

அப்புறம் எப்படிப் பறிப்பது என்று சார் சொல்லிக்கொண்டே போனார். முற்றின இலையாக இருக்க வேண்டும். திட்டு விழுந்த இலையாகப் பார்த்து, காம்போடு பறிக்க வேண்டும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். இலையைக் கழுவக் கூடாது. ஈரம் படக் கூடாது. காகிதத்தில் சுற்றி, கவரில் போட்டு, ஐஸ் வைத்த பெட்டியில் அனுப்ப வேண்டும். ஐஸ் இலையில் படக் கூடாது. பாவா ஒவ்வொன்றுக்கும் "ஆங் சார், ஆங் சார்" என்று தலையாட்டினார். போனில் தலையாட்டுவது தெரியாது என்று நான் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்.

பெட்டி கிளம்ப வேண்டிய நாள் ஆடிக் கிருத்திகையாக அமைந்தது. ஊரே மஞ்சள் துணியாக மாறி திருத்தணி மலை ஏறிக்கொண்டிருந்தது. காலையில் பாவா குளித்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனார். இலை பறிக்கவா, பெண்ணுக்குக் காது குத்தவா என்று கேட்டேன்.  அவர் முகம் அப்படி இருந்தது. கைக்கு எட்டிய கிளைகளில் திட்டு விழுந்த இலைகளை எல்லாம் பறித்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கட்டாகக் கட்டி, அதனதன் நிறத்து நூலைச் சுற்றினார். மூன்று மரத்திலும் மஞ்சள் இலை இருந்தது. ஆனால் மடித்தால் பொருந்தாதவை பெரியவளிடம்தான் அதிகம்.

வாசலில் அக்கா எலுமிச்சை பிரித்துக்கொண்டிருந்தாள். மலையடிக் கடைகளுக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் எலுமிச்சை போகும். வேல் நுனியில் குத்துகிற பழம், சாமி காலடியில் வைக்கிற பழம். ஒரு புள்ளி, ஒரு சொறி இருக்கக் கூடாது. நல்லது கோணியில் விழும், கறை பட்டது ஊறுகாய்க் கூடையில் விழும். அக்கா பார்த்துப் பிரிப்பதில்லை. டிவி பார்த்துக்கொண்டே, என்னைத் திட்டிக்கொண்டே, கை மட்டும் தானாகப் பிரித்துப் போடும். கிருத்திகை என்றால் அந்தக் கைக்கு ஓய்வே கிடையாது.

பாவா மூன்று கட்டுகளையும் அவள் பக்கத்தில் பலகைமேல் வைத்தார்.

"அம்சா, இத்த பாத்துக்கோ. நான் போயி ஐஸ் வாங்கியாந்துடுறேன்."

"ஆங், வெச்சிட்டு போ."

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லில்லி அக்காவின் மீன் கடை. கிருத்திகை அன்று யார் மீன் வாங்குவார்கள்? ஐஸ் மட்டும் மலைபோல இருந்தது. லில்லி அக்கா தெர்மோகோல் பெட்டியையும் கொடுத்து, "இதுல நேத்து வஞ்சிரம் வந்திச்சி. கழுவிட்டேன், ஆனா வாசன போவாது" என்றாள். பாவா திரும்பி வந்தபோது, இலைகளைக் காகிதத்தில் சுற்றி, கவரில் போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி, ஒவ்வொரு கவர்மேலும் அதனதன் நிறத்து நூலையும் கட்டி, பலகைமேல் வரிசையாக வைத்திருந்தாள் அக்கா. பாவாவுக்கு வாயெல்லாம் பல். அப்படியே பெட்டிக்குள் அடுக்கி, டேப் ஒட்டி, கூரியர் கடைக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

வந்தவர் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது ஊறுகாய்க் கூடையைப் பார்த்தார்.

கறை பட்ட எலுமிச்சைகளுக்கு நடுவே, வெயிலில் சுருண்டு, திட்டு விழுந்த சாத்துக்குடி இலைகள் கிடந்தன. கை நிறைய எடுத்தார். ஒன்றை மடித்துப் பார்த்தார். பொருந்தவில்லை.

"அம்சா. இத்த யாரு கழிச்சிப் போட்டது?"

"நான்தான். இன்னா அதுக்கு?" அக்கா கோணியைத் தைத்துக்கொண்டே சொன்னாள். "பூரா சொத்த எலையா கட்டி வெச்சிட்டுப் போற. ஆபீசருங்க பிரிச்சிப் பாப்பாங்க. நம்ம தோட்டத்தப் பத்தி இன்னா நெனப்பாங்க? அத்தொட்டு அத்த கழிச்சிட்டு, அதே மரத்துல போயி நல்ல எலையா பாத்து பறிச்சி வெச்சேன். ஈரத் துணில தொடச்சி, தேங்காண்ண ஒரு கை தடவி வுட்டேன். பளபளன்னு இருந்திச்சி."

"எண்ணெயா?" என்றார் பாவா.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பாவா எலுமிச்சைக் கோணிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோணிக்குள் ஏதோ நசுங்கியது. அக்கா அதற்குக்கூடத் திட்டவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஊசி கையிலேயே நின்றது.

சொத்தை இலையைத்தான் கேட்டார்கள் என்று சொல்லவில்லையே என்று அவள் முதலில் சண்டைக்கு வந்தாள். எதுக்குச் சோதிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று அவர் கத்தினார். தெரியும், ஆனால் கைக்குத் தெரியாது என்றாள் அவள். அதற்கு மேல் சண்டை நகரவில்லை. அக்கா குரலை இறக்கினாள்.

"சரி வுடுங்க. போனது போச்சி. நல்ல எல போயிகிது, நல்ல பதிலா வரும். நாமளா பொய் சொன்னோம்? கை தவறிப் போச்சி, அவ்ளோதான். பெரியவ பாட்டுக்கு நின்னுட்டுப் போறா."

  பாவா சரி என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. மரம் நிற்கும், கன்று விற்கும், அக்கா சிரிப்பாள். யாருக்கும் தெரியாது. சொல்லிவிடுங்கள் பாவா என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"துரைக்கண்ணு நெலத்துல போயி நாலு வருஷம் தண்ணி குடிச்சிட்டு, காய்க்காத நிக்கும்" என்றார் பாவா. "அவுரு வந்து கன்ன புடுங்கிப் பாப்பாரு. அதுல என் முடிச்சி இருக்கும் அம்சா."

"அப்ப அவள வெட்டப் போறியா?"

"வெட்டச் சொல்லி இன்னும் யாரும் சொல்லலியே. கேக்கவே வாணாம்னு நீ சொல்ற."

அக்கா ஊசியைக் கோணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே போகிறாள், இனி இரண்டு நாளைக்குப் பேச மாட்டாள் என்று நினைத்தேன். பின்பக்கம் போய் ஏணியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

கைக்கு எட்டிய திட்டு இலைகள் எல்லாம் காலையிலேயே பறித்தாகிவிட்டது. அவைதான் வெயிலில் காய்ந்து கிடந்தன. லேபுக்கு உதவாது. இனி உச்சிக் கிளைக்குத்தான் போக வேண்டும். சாத்துக்குடியின் முள் ஒளிந்துகொண்டு குத்துகிற ரகம். பாவா ஏறினார். அக்கா ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கீழ பாக்காத, மேல பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மேலே ஒவ்வொரு இலையாக மடித்துப் பார்ப்பது தெரிந்தது. பொருந்தினால் விட்டுவிடுவார். பொருந்தாவிட்டால் "கீது!" என்று கத்துவார். நல்லது கிடைத்த குரலில்தான் கத்துவார். உடனே அந்தக் குரல் உடைந்துபோகும். அடுத்த இலையை மடிப்பார். மறுபடி "கீது!"

மற்ற இரண்டு மரத்திலும் பறித்து முடித்தபோது அவருடைய முன்கை முழுக்கக் கீறல். இந்தத் தடவை அக்காவைக் கட்டுப் பக்கமே விடவில்லை. அவளே தள்ளி நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பெட்டி வேறு இல்லை. கல்யாணத்துக்கு வந்த சிவப்பு ஹாட்பாக்ஸை எடுத்து வந்து, ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீர் பாட்டிலை அதற்குள் படுக்க வைத்து, மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டுக் கொடுத்தாள். இலைக் கவர்களை அந்தத் துண்டின்மேல் வைத்தார்கள். டிவிஎஸ்ஸில் பின்னால் நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாருடைய நம்பரும் லேப் நம்பரும் என் போனில்தான் இருந்தன. அதுதான் நான் போனதற்குக் காரணம். வேறொன்றும் இல்லை.

கூரியர் கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே கை விரித்தார். வேன் அரக்கோணத்துக்குக் கிளம்பிவிட்டது. அங்கே ஊர்வாரியாகப் பிரித்து, சாயங்கால ரயிலில் ஏற்றிவிடுவார்கள். ரயில் ஏறிவிட்டால் அந்தப் பெட்டிதான் லேபுக்குப் போகும். எண்ணெய் தடவிய இலைதான் பெரியவளின் பெயரில் சாட்சி சொல்லும்.

அரக்கோணம் ரோட்டில் காவடி. ஒன்று இரண்டு இல்லை, ரோடு முழுக்க. பம்பை அடிக்கிறவர்கள், ஆடுகிறவர்கள், பால்குடம், குழந்தையைத் தோளில் வைத்திருப்பவர்கள். வண்டி நத்தையாக நகர்ந்தது. அப்புறம் அதுவும் நின்றது. பாவா இறங்கித் தள்ளிக்கொண்டு, "வழி வுடுங்க சாமி, கொஞ்சம் வழி வுடுங்க சாமி" என்று கெஞ்சினார். அவருடைய கெஞ்சலே பம்பைக்கு மேல் கேட்டது. ஆனால் சாமி ஆடுகிறவர்கள் சாத்துக்குடி இலைக்காக எதற்கு நகர வேண்டும்?

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாவாவின் கழுத்தில் வேர்வை. மடியில் இருந்த ஹாட்பாக்ஸைத் தூக்கி நான் தலைக்கு மேல் பிடித்தேன்.

"கிட்னிங்க! கிட்னி போவுது! வழி வுடுங்க!"

பாவா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒரு காவடி நகர்ந்தது. அதற்கு முன்னால் இருந்ததும் நகர்ந்தது. "ஏய், கிட்னியாம்பா, தள்ளு தள்ளு" என்று யாரோ எங்களுக்கு முன்னால் ஓடிக் கத்தினார்கள். கயிறு கட்டி நின்ற போலீஸ்காரர் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கிட்னியா? ஹாட்பாக்ஸ்லயா?"

"சூடா எடுத்துட்டுப் போவச் சொல்லிட்டாங்க சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பாவாவின் கையில் ரத்தக் கீறல்களைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு உயிர் போகிற கவலை நிஜமாகவே இருந்தது. கயிற்றைத் தூக்கிவிட்டார். பின்னால் ஒரு கூட்டமே எங்களுக்காக அரோகரா போட்டது.

ஊர் தாண்டியதும் பாவா கேட்டார். "சாமி கண்ண குத்துமா?"

"என் கண்ணதான குத்தும். நீங்க ரோட்ட பாருங்க."

அரக்கோணம் கூரியர் கிடங்கில் ஜெபஸ்டின் என்று ஒருவர் பார்சல்களை எடை போட்டு, ஸ்டேஷனுக்குப் போகும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பாவா விஷயத்தைச் சொன்னார். தெருவில் போனவர்கள் எல்லாம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"புக் பண்ண பார்சலத் தொறக்கக் கூடாதுங்க" என்றார் ஜெபஸ்டின்.

"என் பார்சல்தாங்க. நான்தான் போட்டேன்."

"யாரு போட்டா இன்னா? சீல் வெச்சா கம்பெனி பொருளு. வேணும்னா இத்த தனியா இன்னொண்ணா அனுப்புங்க."

"ரெண்டும் ஒரே பேருல போனா, மொதல்ல பிரிக்கிறத டெஸ்ட் பண்ணிடுவாங்களே!"

"லேபுக்கு போன் பண்ணிச் சொல்லுங்க."

நான் லேபுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அசோக்குமார் சாருக்குப் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ் வந்தது. வண்டியில் கடைசி அடுக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேலே மூன்றாவதாக எங்கள் தெர்மோகோல் பெட்டி தெரிந்தது. பாவா அதைத் தொடக்கூடப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆபீஸ் என்று எழுதியிருக்கிற எந்த இடத்திலும் அவர் அப்படித்தான் நிற்பார். ஆனால் நகரவில்லை. வண்டிக்கும் கதவுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"தள்ளுங்க, வண்டி எடுக்கணும்."

"எடுங்க சார். நான் இங்கதான் நிக்கிறேன்."

"இன்னாய்யா, மெரட்றியா?"

"இல்ல சார்." பாவா கட்டிய கையை எடுக்காமலே சொன்னார். "அந்தப் பெட்டில இருக்கிறது பொய்யி சார். என் பேரு போட்டு கீது. அது போவக் கூடாது. அது போச்சின்னா நான் வூட்டுக்குப் போவ முடியாது."

ஜெபஸ்டின் எடை மெஷினை அணைத்தார். பெட்டியைத் தானே இறக்கி மேசைமேல் வைத்தார். "கேன்சல்னு எழுதி கையெழுத்து போடுங்க. என் கண்ணு முன்னாடிதான் பிரிக்கணும்" என்று கத்தியை எடுத்து டேப்பைக் கீறினார். மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கிருத்திகையும் அதுவுமா மீனா?"

"வஞ்சிரம் சார். நேத்து" என்றேன்.

எண்ணெய் இலைகள் வெளியே வந்தன. சும்மா சொல்லக் கூடாது, பளபளவென்றுதான் இருந்தன. அக்காவின் கை சுத்தம். ஐஸ் இன்னும் பாதி இருந்தது. பாவா புதுக் கவர்களை அதன்மேல் காகித மடிப்பு வைத்து அடுக்கினார். சிவப்பு நூல் கட்டியதைக் கடைசியாக வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஜெபஸ்டின் அவசரப்படுத்தவில்லை.

வண்டி போன பிறகு, வெளியே டீக்கடையில் பாவா மூன்று டீ வாங்கி ஒன்றை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் காத்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துரைக்கண்ணு வந்து கேட்டபோது, டெஸ்டுக்குப் போயிருக்கிறது, பதில் வரட்டும் என்றார் பாவா. எதுக்கு டெஸ்ட் என்று கேட்டதற்கும் மறைக்காமல் சொன்னார். துரைக்கண்ணு முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாவா பண்ணையில் எல்லா வேலையும் செய்தார், பெரியவள் பக்கம் போவது மட்டும் குறைந்தது. தண்ணீர் மட்டும் கட்டுவார். கட்டிவிட்டு அவளைப் பார்க்காமலே திரும்புவார். அக்கா எலுமிச்சை பிரிக்கும்போது டிவியை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட ஆரம்பித்தாள். எனக்கு யாரையும் சீண்டத் தோன்றவில்லை. சும்மா இருந்தால் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக் கஷாயம் போட்டுவிடுவார்கள் என்பதால், கடமைக்கு ஒருநாள் பாவாவின் செருப்பை மாற்றி வைத்தேன். அவர் மாற்றியே போட்டுக்கொண்டு பண்ணை முழுக்க நடந்தார்.

பதில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா மீன் குழம்பை இறக்கிய நேரத்தில். அசோக்குமார் சார் என் போனுக்கு அனுப்பியிருந்தார். கொல்லைப்பக்கம் போய்ப் படித்தேன். பச்சை நூல் மரத்துக்கு இல்லை. வெள்ளை நூல் மரத்துக்கு இல்லை. சிவப்பு நூல் மரத்துக்கு இருக்கிறது. மரத்தையும் அந்தக் கன்றுகளையும் தாமதிக்காமல் அகற்றவும். மற்றவற்றை மறுபடி சோதித்த பிறகு விற்கலாம்.

அங்கிருந்து பார்த்தால் பெரியவள் நன்றாகவே தெரிந்தாள். நான் பார்க்கவில்லை. போனைப் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டு உள்ளே வந்தேன்.

பாவா சாப்பிட உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். சாப்பிடட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மரம் எங்கே ஓடிவிடப் போகிறது? நானும் பக்கத்தில் உட்கார்ந்து, லில்லி அக்கா கடைப் பக்கம் பார்த்த சண்டையைச் சொன்னேன். துரைக்கண்ணுவின் மருமகன் பைக்கோடு சேற்றில் விழுந்ததைச் சொன்னேன், நடித்தும் காட்டினேன். அக்கா சிரித்தாள். பாவாவும் சிரித்தார். சோறு போட்டுக்கொண்டார். குழம்பு ஊற்றிக்கொண்டார். ஒரு முள் விடாமல் எடுத்து ஓரமாக அடுக்கினார். மோருக்கும் சோறு கேட்டார். தட்டைச் சுத்தமாக வழித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் வேலை இவ்வளவு நேர்த்தியாக எப்போதும் முடிந்ததில்லை.

அக்கா பாத்திரத்தோடு உள்ளே போனாள். பாவா கை கழுவிவிட்டு வந்து, என் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"புவனா."

"இன்னா பாவா?"

"வஞ்சிரத்துல நடுத்துண்ட நீ யாருக்காவது வுட்டுக் குடுத்து நான் பாத்ததே இல்ல. வந்த உடனே உன் தட்டுல இருந்து எடுத்து என் தட்டுல வெச்ச."

என் கை பாவாடை நாடாவில் செருகியிருந்த போனுக்குப் போனது.  

"நான் சாப்ட்டு முடிக்கட்டும்னு பாத்த. அதான் முழுசா சாப்ட்டேன்" என்றார் பாவா. கையை நீட்டினார். "இப்ப போன எடுத்து படி. பெரியவதான?"